கடல் தரைப் படிவிலிருந்து துருவக் கடலின் பழைய நிலையை மீட்டெடுப்பது: படிப்படியான முழு வழிகாட்டி

அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலின் அடியில் படிந்த சேற்றைக் கொண்டு, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே கடற்பனி எதுவரை பரவியிருந்தது, நீர் எவ்வளவு குளிர்ந்திருந்தது, எவ்வளவு உயிர் செழித்தது என்பதைக் கண்டறிய விரும்பும் முதுநிலை மாணவர்களுக்காகவும் புதிய ஆய்வாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கருவிகளை இயக்கும் முறை அந்தந்தக் கையேட்டிலேயே இருக்கும். எந்த வேலைக்கு முன் எந்த வேலை என்ற வரிசை பெரும்பாலும் எங்கும் எழுதப்படுவதில்லை. புதியவர்கள் தடுமாறுவதும் அங்கேதான்.

வரிசை ஏன் முக்கியம் என்றால், கடலடியிலிருந்து எடுத்த சேறு ஒருமுறை கலைக்கப்பட்டால் மீண்டும் சேராது. அதே இடத்துக்குக் கப்பல் மறுபடி போக ஆண்டுகள் ஆகலாம், போகாமலும் இருக்கலாம்.

வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துகிறேன்: தென்பெருங்கடலின் இந்தியப் பகுதியில், ஏறத்தாழ 55 டிகிரி தென் அட்சத்தில், 21,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுக உச்சத்திலிருந்து இன்றுவரை குளிர்காலக் கடற்பனியின் எல்லை எப்படி நகர்ந்தது என்ற கேள்வி. ஆர்க்டிக் கடலுக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

கப்பல், கருவி, வேதிப்பொருள் எதையும் நினைப்பதற்கு முன், எந்தக் காலம், எந்த மாறுபாடு, எவ்வளவு நுணுக்கம் என்ற மூன்றையும் ஒரு வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். "பழைய தட்பவெப்பத்தை ஆராய்தல்" என்று எழுதினால் அதை வைத்து ஓர் இடத்தைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது.

நுணுக்கத்தைக் கணக்குப் போட்டே முடிவு செய்ய வேண்டும். ஓர் இடத்தில் 1,000 ஆண்டுகளுக்கு 15 சென்டிமீட்டர் படிகிறது என்று கொள்ளுங்கள். அங்கே புழுக்களும் பிற உயிரிகளும் மேலுள்ள 10 சென்டிமீட்டரைக் கிளறுமானால், ஏறத்தாழ 670 ஆண்டுகளின் படிவு ஒன்றாகக் கலந்துவிடுகிறது. அதில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மாதிரி எடுப்பது பெரும்பாலும் உழைப்பை வீணாக்குவதுதான். நூறாண்டு அளவிலான மாற்றத்தை அந்தச் சேறு தன்னுள் வைத்திருக்கவே இல்லை.

2. படிவு கலையாமல் சேர்ந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

நல்ல இடத்துக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: படிவு தொடர்ச்சியாகச் சேர்ந்திருக்க வேண்டும், போதுமான வேகத்தில் சேர்ந்திருக்க வேண்டும், நீங்கள் தேடும் சான்று அங்கே அழியாமல் இருக்க வேண்டும்.

முதல் இரண்டுக்கும், ஒலியலைகளால் கடலடியின் மேடுபள்ளத்தை அளக்கும் பல்கற்றை ஆழமானியின் வரைபடமும், தரைக்கு அடியிலுள்ள அடுக்குகளைக் காட்டும் அடித்தரை எதிரொலிக் கருவியின் குறுக்குவெட்டுப் பதிவும் தேவை. எதிரொலிப் பதிவில் அடுக்குகள் இணையாகவும் தெளிவாகவும் ஓடும் இடம் நல்லது. சரிவின் அடிவாரத்தில் அடுக்குகள் தடித்து மெலிந்து தெரிந்தால், அங்கே சேறு சரிந்து வந்து குவிந்திருக்கலாம். தடிமனாகச் சேறு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளத்தின் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. நீரோட்டம் வேறிடத்திலிருந்து வாரி வந்து கொட்டிய பழைய சேறும் அங்கேதான் சேர்கிறது.

மூன்றாவது தகுதி ஆழத்தையும் அட்சத்தையும் பொறுத்தது. சுண்ணாம்பு ஓடுடைய ஒருசெல் உயிரியான ஃபோராமினிஃபெராவின் (சுருக்கமாக ஃபோராம்) ஓடு மிக ஆழமான நீரில் கரைந்துவிடும். சிலிக்கா ஓடுடைய ஒருசெல் பாசியான டயட்டம், துருவ முகப்பு எனப்படும் நீர் எல்லைக்குத் தெற்கே மிகுதியாகப் படிகிறது. எங்கள் கேள்விக்கு டயட்டமே முதன்மைச் சான்று என்றாலும், வயதைக் கணிக்க ஃபோராமும் வேண்டும். அதனால் டயட்டம் நிறைந்த பட்டையிலேயே, சுண்ணாம்பு முற்றிலும் கரையாத அளவுக்கு உயர்ந்த ஒரு கடலடி மேட்டைத் தேடுகிறோம். இப்படி இரண்டும் ஒத்துவரும் இடங்கள் அரிது; கிடைத்தால் விடாதீர்கள்.

கப்பலேற வாய்ப்பில்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் 2004 முதல் தென்பெருங்கடல் பயணங்களை நடத்திவருகிறது. அப்பயணங்கள் பலவற்றில் சென்ற சாகர் நிதி கப்பலை இயக்குவது சென்னையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம். முன்பே எடுத்துச் சேமிக்கப்பட்ட படிவுகளிலிருந்து மாதிரி கேட்டுப் பெறுவது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். கேட்கும்போது முதல் படியில் எழுதிய அந்த ஒரு வாக்கியம் கையில் இருக்க வேண்டும்.

3. இரண்டு கருவிகளால் எடுங்கள்

நீண்ட குழாயைக் கடல் தரையில் செருகி எடுக்கும் படிவு உருளையை ஆய்வுக்கூடத்தில் கோர் என்றே சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன். எடைக் கோர் கருவி தன் எடையால் சேற்றுக்குள் இறங்கிச் சில மீட்டர் நீளம் தரும். பிஸ்டன் கோர் கருவி உறிஞ்சும் விசையின் உதவியால் அதைவிட நீளமாகத் தரும். ஆனால் இரண்டும் தரையில் மோதும் வேகத்தில், மேலுள்ள மென்மையான சேற்றைத் தள்ளிவிடும்.

அந்த மேற்பகுதியை இழந்தால் இன்றைய கடலோடு ஒப்பிட எதுவும் மிஞ்சாது. ஆகவே அதே இடத்தில் மல்டிகோர் கருவியையும் இறக்க வேண்டும். அது மெதுவாக அமர்ந்து, அரை மீட்டர் அளவுள்ள சில குழாய்களில் சேற்றையும் அதன் மேல் நிற்கும் நீரையும் கலங்காமல் கொண்டுவரும். மேலே நிற்கும் நீர் தெளிவாக இருக்கிறதா என்று குழாய் கப்பல் தளத்துக்கு வந்தவுடன் பாருங்கள். கலங்கியிருந்தால் அந்தக் குழாயை மேற்பரப்பு மாதிரிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

பின்னர் இரு கோர்களையும் காந்த ஏற்புத்திறன் (சேறு எவ்வளவு எளிதில் காந்தமாகும் என்பது) போன்ற ஒரே அளவீட்டைக் கொண்டு பொருத்திப் பார்த்தால், நீண்ட கோரில் மேலே எத்தனை சென்டிமீட்டர் தொலைந்தது என்பது தெரிந்துவிடும்.

4. கப்பல் தளத்தில்: மேல், கீழ், எண்

கோர் வந்ததும் உள்குழாயை ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டி மூடியிடுவார்கள். குளிரில் விரல்கள் மரத்துப்போயிருக்கும், எல்லோரும் அவசரப்படுவார்கள். தவறுகளில் மிகப் பெரியது இந்த அரைமணி நேரத்தில்தான் நேர்கிறது.

ஒவ்வொரு துண்டிலும் மேல்நோக்கிய அம்பு, கோரின் பெயர், துண்டின் எண், மேல் ஆழம், கீழ் ஆழம் ஆகியவற்றை அழியாத மையால் குழாயின் மீதே எழுதுங்கள். மூடியில் மட்டும் எழுதாதீர்கள், மூடிகள் மாறிப்போகும். வெட்டுவதற்கு முன்பே முழுக் குழாயிலும் நீளவாக்கில் ஒரு கோடு கிழித்துவிடுவது நல்லது. பிறகு எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் பிளக்க அந்தக் கோடு உதவும்.

நான் பார்த்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஒரு துண்டின் வயதுகள் மட்டும் மேலே போகப்போகக் கூடின. மாணவி இரண்டு வாரங்கள் ஆய்வுக்கூடக் கலப்படத்தைத் தேடினாள். கடைசியில் அந்தத் துண்டின் எக்ஸ்-ரே படத்தை எடுத்துப் பார்த்தோம். பட்டாணி அளவுள்ள ஒரு கல், மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே கிடந்தது. மிதக்கும் பனிப்பாறையிலிருந்து விழும் கல் தனக்குக் கீழே உள்ள அடுக்குகளை அழுத்தி வளைக்கும்; பின்னர் படியும் அடுக்குகள் அதன்மேல் போர்வைபோலப் படரும். படத்தில் வளைவு கல்லுக்கு மேலே இருந்தது. துண்டு தலைகீழாகச் சேமிக்கப்பட்டிருந்தது. ஓர் அம்புக்குறி இருந்திருந்தால் அந்த இரண்டு வாரங்கள் மிஞ்சியிருக்கும்.

கோரை ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வையுங்கள்; உறையவைக்காதீர்கள். உறையும் நீர் விரிந்து அடுக்குகளைக் கிழித்துவிடும். கரிம மூலக்கூறுகளை ஆராயப்போகும் சிறு மாதிரிகளை மட்டும் தனியே எடுத்து உறையவைக்க வேண்டும்.

5. தொடாமல் அளக்கக்கூடியவற்றை எல்லாம் முதலில் அளந்துவிடுங்கள்

கோரைப் பிளக்கும் முன் எக்ஸ்-ரே அல்லது சி.டி. படம் எடுங்கள்; அடர்த்தியையும் காந்த ஏற்புத்திறனையும் அளவிடுங்கள். பிளந்த பின் ஒரு பாதி காப்பகத்துக்கு, மறுபாதி வேலைக்கு. காப்பகப் பாதியின் மேற்பரப்பைக் கண்ணாடித் தகட்டால் அடுக்குகளுக்குக் குறுக்காகச் சுரண்டிச் சமப்படுத்துங்கள். மேலிருந்து கீழாகச் சுரண்டினால் ஒரு காலத்துச் சேறு மற்றொன்றின் மேல் பூசப்பட்டுவிடும்.

சமப்படுத்திய உடனே வண்ணப் படம் எடுங்கள். காற்றுப் பட்ட சில மணி நேரத்தில் இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்து, சாம்பல் பச்சை பழுப்பாக மாறத் தொடங்கும். அதன்பின் எழுதும் நிறக் குறிப்புக்கு மதிப்பில்லை.

அடுத்தது, எக்ஸ் கதிரைப் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் வருடி. மெல்லிய படலத்தால் மூடிய சேற்றின் மீது நகர்ந்து கால்சியம், டைட்டானியம், இரும்பு, சிலிக்கன், பேரியம் முதலியவற்றின் ஒப்பு அளவை இது தரும். படலத்துக்கும் சேற்றுக்கும் இடையே நீர் தேங்கினால் சிலிக்கன் போன்ற இலேசான தனிமங்களின் குறிகை குறைந்துவிடும். அந்த எண்ணிக்கைகளை அப்படியே வரையாமல், விகிதங்களாக்கி மடக்கை எடுத்து வரையுங்கள். நிலத்திலிருந்து வந்த கனிமத்தை டைட்டானியம் காட்டும் என்பதால், சிலிக்கனை அதனால் வகுத்தால் டயட்டம் தந்த சிலிக்காவின் ஏற்றத்தாழ்வு தெரியும்.

இந்தப் படங்களும் வரைகோடுகளும் கைக்கு வந்த பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும்.

6. மாதிரித் திட்டத்தைத் தாளில் போடுங்கள்

எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு சேறு, எந்தச் சோதனைக்கு என்று அட்டவணை எழுதுங்கள். ஒரே ஆழத்துச் சேற்றிலிருந்து டயட்டம், ஃபோராம், கரிம மூலக்கூறு ஆகிய மூன்றுக்கும் பங்கு எடுப்பது மிக முக்கியம். வெவ்வேறு ஆழங்களிலிருந்து எடுத்தால், பின்னர் எது முந்தியது எது பிந்தியது என்ற கேள்விக்கு உறுதியான விடை கிடைக்காது.

குழாயின் சுவரை ஒட்டிய சேறு உரசலில் கீழே இழுபட்டிருக்கும், அதை ஒதுக்குங்கள். எக்ஸ்-ரேயில் மணல் அடியிலும் நுண்சேறு மேலுமாகத் தரம்பிரிந்த அடுக்கு தெரிந்தால், அது சரிவில் பாய்ந்து வந்த டர்பிடைட்டாக இருக்கலாம். சில மணி நேரத்தில் படிந்த அந்த அடுக்குக்கு ஆயிரம் ஆண்டுக் காலத்தை ஒதுக்கிவிடாதபடி, ஆழக் கணக்கிலிருந்து அதைக் கழித்துவிடுங்கள்.

முதல் சுற்றில் இடைவெளி விட்டு, 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக எடுங்கள். மாற்றம் எங்கே நிகழ்கிறது என்று தெரிந்த பின் அங்கே நெருக்கிக்கொள்ளலாம்.

7. வயது: முதலில் இதை முடியுங்கள்

டயட்டத்தை எண்ணத் தொடங்கும் ஆவலில் வயதைத் தள்ளிப்போடுகிறவர்கள் மிகப் பலர். எட்டு மாதம் எண்ணி முடித்த பிறகு, கோரின் அடிப்பகுதி வெறும் 9,000 ஆண்டுகளையே தொடுகிறது, பனியுகம் அதில் இல்லவே இல்லை என்று தெரிந்துகொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று வயதுகளையாவது முதல் மாதத்திலேயே பெற்றுவிடுங்கள்.

ரேடியோகார்பன் முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை உதவும். அதற்கு வேண்டியது ஃபோராம் ஓடுகள். துருவ நீரில் அது பெரும்பாலும் நியோகுளோபோகுவாட்ரைனா பாக்கிடெர்மா என்ற ஒரே இனம். சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் நீர் விட்டு அலசி, 50 டிகிரி செல்சியஸுக்கு மிகாமல் உலர்த்தி, 150 மைக்ரானுக்கு மேற்பட்ட பகுதியிலிருந்து நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். சில மில்லிகிராம் சேர்க்க நூற்றுக்கணக்கான ஓடுகள் வேண்டும்.

ஒவ்வொரு மாதிரிக்கும் பிறகு சல்லடையை மெத்திலீன் நீலத்தில் தோய்த்தெடுங்கள். கண்ணியில் சிக்கிய பழைய ஓடுகள் நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் நீல ஓடு தெரிந்தால் அது முந்தையதிலிருந்து வந்தது என்று தள்ளிவிடலாம். இரண்டு நிமிட வேலைதான். செய்யாவிட்டால் வயதே பிழையாகிவிடும்.

இனி முக்கியமான சிக்கல். ஆழ்கடலில் நெடுங்காலம் காற்றைத் தொடாமல் இருந்த நீர் அண்டார்டிகாவைச் சுற்றி மேலெழுகிறது. அதில் வாழும் உயிரி இன்று இறந்தாலும், ரேடியோகார்பன் கணக்கில் அதற்கு ஏறத்தாழ 1,000 ஆண்டுகள் முதல் 1,300 ஆண்டுகள் வரை வயது காட்டும். இந்தக் கடல் முன்வயதைக் கழித்தாக வேண்டும். பனியுகத்தில் கடற்பனி நீரை மூடியிருந்ததால் அது இன்னும் கூடியிருந்திருக்கும். கடல் மாதிரிகளின் ரேடியோகார்பன் வயதை நாட்காட்டி ஆண்டுகளாக மாற்றும் மரைன்20 என்ற திருத்த வளைகோட்டை உருவாக்கியவர்களே, அதைத் துருவக் கடல்களுக்கு நேரடியாகப் பயன்படுத்துவது பொருந்தாது என்று எச்சரித்திருக்கிறார்கள். மென்பொருளில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை.

இந்தப் பிழை எங்கள் கேள்வியை நேரே தாக்குகிறது. பனியுகம் விலகிக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 14,700 முதல் 13,000 ஆண்டுகளுக்கு முன்வரை அண்டார்டிகா மறுபடி குளிர்ந்தது. அந்த இடைக்காலம் முழுவதுமே 1,700 ஆண்டுகள்தான். முன்வயதில் 500 ஆண்டு பிழை இருந்தால், கடற்பனி திரும்பி வந்ததை நாம் தவறான நிகழ்வோடு இணைத்துவிடுவோம். அதனால் ஒரே ஒரு முன்வயதை வைத்துக் கணக்கிடாமல், குறைந்த மதிப்பு, கூடிய மதிப்பு இரண்டையும் வைத்துக் கணக்கிட்டு, முடிவு மாறுகிறதா என்று பாருங்கள்.

அண்டார்டிகக் கரையோர மேடைகளில் ஃபோராம் பெரும்பாலும் கிடைக்காது. அங்கே சேற்றில் உள்ள மொத்தக் கரிமப் பொருளின் வயதை எடுப்பார்கள். பனியாறு அரைத்துக் கொண்டுவந்த மிகப் பழைய கரிமமும் அதில் கலந்திருப்பதால், கடல் தரையின் மேற்பரப்பே சில ஆயிரம் ஆண்டு வயதைக் காட்டும். மேற்பரப்பின் வயதைக் கழிப்பது வழக்கம். ஆனால் பழைய கரிமத்தின் பங்கு காலந்தோறும் ஒரே அளவில் இருந்தது என்ற ஊகம் அதில் ஒளிந்திருக்கிறது. அந்த ஊகத்தைக் கட்டுரையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

ஃபோராம் இல்லாத இடத்தில் வேறு துணைகளும் உண்டு. மல்டிகோரின் மேற்பகுதிக்கு ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் உதவும். அதன் அரையாயுள் ஏறத்தாழ 22 ஆண்டுகள் என்பதால் கடைசி நூறாண்டுகளை அது சரிபார்க்கும். ரூக்ஸியா லெவென்டெரே என்ற டயட்டம் ஏறத்தாழ 1,30,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டது. அது முழுமையான ஓடுகளாக மிகுதியாகத் தெரிந்தால் நீங்கள் அதற்கும் பழைய படிவில் நிற்கிறீர்கள். ஸ்கோஷியா கடலில் காந்த ஏற்புத்திறனின் ஏற்ற இறக்கத்தை அண்டார்டிகப் பனிக்கோரில் (பனிப்படலத்தைத் துளைத்து எடுத்த பனி உருளையில்) உள்ள தூசியின் ஏற்ற இறக்கத்தோடு பொருத்தி வயதிடுகிறார்கள். இப்படிப் பொருத்தி வயதிட்ட கோரை வைத்துக்கொண்டு, "கடலும் பனிக்கோரும் ஒரே நேரத்தில் மாறின" என்று முடிவு சொல்லக் கூடாது. அந்த ஒற்றுமையை உள்ளே வைத்தது நாம்தான்.

8. டயட்டம் தயாரிப்பும் எண்ணுதலும்

உறைநிலையில் உலர்த்திய சேற்றில் ஒரு கிராமின் சிறு பகுதியை எடைபோட்டு எடுங்கள். புகைவெளியேற்றும் பெட்டிக்குள், ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில மில்லிலிட்டர் மட்டும் விட்டுக் காத்திருங்கள். கரிமம் மிகுந்த சேறு திடீரெனப் பொங்கி முகவையை விட்டு வழியும். வழிந்தால் எடையிட்ட கணக்கு போய்விடும். நுரை அடங்கிய பிறகு சுண்ணாம்பைக் கரைக்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிறகு காய்ச்சி வடித்த நீரால், அமிலத்தன்மை நீங்கும்வரை அலச வேண்டும்.

அலசும்போது விரைவுக்காக மைய விலக்குச் சுழலியை வேகமாக ஓட்டாதீர்கள். ஊசிபோல் நீண்ட தாலசியோத்ரிக்ஸ் என்ற டயட்டத்தின் ஓடுகள் நொறுங்கிவிடும். முகவையில் இரவு முழுவதும் படியவிட்டு, மேல்நீரை மெல்ல இறக்குவதே பாதுகாப்பானது. அவசரத்தில் ஊற்றினால் இன்னும் படியாத மிகச் சிறிய ஓடுகளே முதலில் போய்விடும். நாம் தேடும் கடற்பனி டயட்டமான ஃப்ராஜிலாரியோப்சிஸ் சிலிண்ட்ரஸ் அந்தச் சிறிய கூட்டத்தைச் சேர்ந்தது.

பிறகு நன்றாகக் கலக்கி, அடியில் கண்ணாடி மூடுதகடுகள் வைத்த தட்டில் ஊற்றிப் படியவிடுங்கள். இப்படிச் செய்தால் ஓடுகள் சீராகப் பரவும். ஒரு கிராமுக்கு எத்தனை ஓடு என்ற கணக்கும் கிடைக்கும். சொட்டுக்குழலால் ஒரு துளி வைத்து உலர்த்தினால், பெரியவையும் சிறியவையும் துளியின் விளிம்பிலும் நடுவிலுமாகப் பிரிந்து நிற்கும். ஒட்டுப்பொருளின் ஒளிவிலகல் எண் சிலிக்காவினுடையதைவிட நன்கு கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையெனில் மெல்லிய ஓடுகள் கண்ணுக்கே தெரியாது.

எண்ணும்போது 1,000 மடங்கு உருப்பெருக்கத்தில், எண்ணெய் ஆடியோடு பாருங்கள். டயட்டத்தின் ஓடு சோப்புப் பெட்டி போல இரண்டு மூடிகளால் ஆனது. ஒவ்வொரு மூடியும் ஒன்றாக எண்ணப்படும். பாதிக்கு மேல் மீந்திருந்தால் மட்டும் எண்ணுங்கள். நீண்ட ஊசி வடிவங்களுக்கு முனைகளை எண்ணி இரண்டால் வகுங்கள். கீட்டோசெரஸ் என்ற டயட்டத்தின் உறங்கு வித்துகளை அட்டவணையில் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். அவை ஆயிரக்கணக்கில் வந்து மற்ற எல்லாவற்றின் சதவீதத்தையும் அமுக்கிவிடும்.

அடையாளம் காண்பதில் மூன்று இனங்களை முதலில் பழகுங்கள். ஃப்ராஜிலாரியோப்சிஸ் கெர்குலென்சிஸ் தடித்த ஓடுடையது. 10 மைக்ரானுக்கு நான்கு முதல் ஏழு வரை பருத்த கோடுகள் இருக்கும். பனியில்லாத திறந்த கடலைக் குறிக்கும். ஃப்ராஜிலாரியோப்சிஸ் கர்ட்டாவின் ஒரு முனை மற்றதைவிடச் சற்றுக் குறுகியிருக்கும். 10 மைக்ரானுக்கு ஏறத்தாழ 9 முதல் 12 வரை கோடுகள். சிலிண்ட்ரஸ் அதைவிடச் சிறியது. இரு முனையும் உருண்டவை. கோடுகள் இன்னும் நெருக்கமானவை. பின்னவை இரண்டும் கடற்பனியோடு வாழ்பவை. முதல் நூறு ஓடுகளை அனுபவமுள்ள ஒருவரும் நீங்களும் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். கூச்சப்பட்டு இதைத் தவிர்ப்பவர்கள் ஒரே தவறை நூறு தகடுகளில் செய்கிறார்கள்.

எத்தனை எண்ண வேண்டும்? 300 முதல் 400 வரை என்பது வழக்கம். ஆனால் எங்கள் கேள்விக்கு அது போதாமல் போகலாம். கர்ட்டாவும் சிலிண்ட்ரஸும் சேர்ந்து 3 சதவீதத்தைத் தாண்டினால், அந்த இடம் குளிர்காலக் கடற்பனியின் சராசரி எல்லைக்குள் இருந்தது என்று கொள்வது வழக்கம். 1 முதல் 3 வரை என்றால், சராசரி எல்லைக்கும் அதிகபட்ச எல்லைக்கும் இடைப்பட்ட இடம். இப்போது கணக்கைப் பாருங்கள். 300 ஓடுகளில் 3 சதவீதம் என்பது வெறும் 9 ஓடுகள். அதன் 95 சதவீத நம்பக எல்லை ஏறத்தாழ 1.6 முதல் 5.6 வரை நீள்கிறது. அதாவது உள்ளேயா வெளியேயா என்பதையே சொல்ல முடியாது. 1,000 ஓடுகள் எண்ணினால் அது ஏறத்தாழ 2.1 முதல் 4.3 வரை சுருங்கும். எல்லாத் தகடுகளையும் ஆயிரம் எண்ண வேண்டாம். வாசல் மதிப்புக்கு அருகே நிற்பவற்றை மட்டும் எண்ணுங்கள்.

9. துணைச் சான்றுகள்: தனித்து நிற்கும் எதையும் நம்பாதீர்கள்

பனிப்பாறை சுமந்துவந்த கற்துகள்களை, ஃபோராம் பொறுக்கிய அதே 150 மைக்ரான் பகுதியிலேயே எண்ணலாம். எரிமலைக் கண்ணாடியைத் தனியே எண்ணுங்கள். காற்றிலும் நீரிலும் வரும் எரிமலைத் துகளைப் பனிப்பாறையின் கணக்கில் சேர்ப்பது அடிக்கடி நிகழும் தவறு. கற்துகள் இல்லை என்பதால் பனியும் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். பனிப்பாறை உருகாமல் கடந்து சென்றிருக்கலாம். அல்லது கடற்பனி மட்டும் இருந்திருக்கலாம், அது பொதுவாகக் கல்லைச் சுமப்பதில்லை.

ஃபோராம் ஓட்டில் உள்ள ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜனின் விகிதத்தில் நீரின் வெப்பநிலை, உலகப் பனிப்படலத்தின் கொள்ளளவு, அருகில் கலந்த உருகுநீர் ஆகிய மூன்றும் சேர்ந்தே பதிவாகின்றன. பனியுக உச்சத்தில் பனிப்படலங்கள் வளர்ந்ததால் மட்டும் முழுக் கடலும் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 1 என்ற அளவுக்கு மாறியது. அதைக் கழிக்காமல் வெப்பநிலை சொன்னால், 4 அல்லது 5 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் பிழை வரும்.

கரிம மூலக்கூறுகளில், ஆர்க்டிக் கடலுக்கு ஐபி-25 என்பது கடற்பனியில் வாழும் டயட்டங்கள் உண்டாக்குவது. தென்பெருங்கடலில் அதற்கு இணையானது ஐப்சோ-25. இவற்றின் இன்மையைப் படிப்பதில் கவனம் வேண்டும். பனியே இல்லாவிட்டாலும் இவை இருக்காது. ஒளி புகாத தடித்த பனி ஆண்டு முழுவதும் மூடியிருந்தாலும் இருக்காது. திறந்த நீரில் வாழும் பாசிகளின் மூலக்கூறையும் கூடவே அளந்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும்.

10. எண்களைக் கடலாக மாற்றுவது

இனி ஒவ்வொரு மாதிரியையும் இன்றைய கடல் தரை மேற்பரப்பு மாதிரிகளோடு ஒப்பிட்டு, அன்றைய வெப்பநிலையையும் பனி நிலவிய மாதங்களையும் கணிக்கலாம். இந்த ஒப்பீட்டுக்கு ஓர் அடிப்படைத் தேவை உண்டு: அன்றைய டயட்டக் கூட்டத்தைப் போன்ற ஒன்று இன்றும் எங்காவது இருக்க வேண்டும். நெருங்கிய ஒப்புமை இல்லாத மாதிரிக்கும் மென்பொருள் ஓர் எண்ணைத் தந்துவிடும். எவ்வளவு தொலைவான ஒப்புமை என்பதையும் அது கூடவே தருகிறது. அந்தத் தொலைவைப் பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள்.

கரைதலையும் கணக்கில் கொள்ள வேண்டும். கெர்குலென்சிஸ் தடித்தது, எளிதில் அழியாது; சிலிண்ட்ரஸ் மெல்லியது, விரைவில் கரையும். ஆகவே கரைந்த படிவு, இருந்ததைவிடக் குறைவான பனியைக் காட்டும். ஓடுகளின் விளிம்புகள் அரிக்கப்பட்டிருக்கின்றனவா என்று எண்ணும்போதே குறித்துவந்திருந்தால், இப்போது அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

பனியுக அடுக்குகளில் ஒரு கிராமுக்கு உள்ள டயட்டங்கள் திடீரெனக் குறைவதைக் கண்டு, தயாரிப்பில் தவறிவிட்டோமோ என்று பலர் பதறுகிறார்கள். துருவ முகப்புக்குத் தெற்கே பனியுகத்தில் சிலிக்காப் படிவு உண்மையிலேயே குறைந்தது. அது செழித்த பட்டை வடக்கே நகர்ந்திருந்தது. முதலில் மறுதயாரிப்பு ஒன்று செய்து சரிபாருங்கள். ஒத்துவந்தால் அது கடல் சொல்லும் செய்திதான்.

அந்தச் செய்தியை ஓர் ஆண்டுக்கு இவ்வளவு என்ற கணக்கில் சொல்ல வேண்டுமானால், நீரோட்டம் பக்கவாட்டில் கொண்டுவந்து சேர்த்த சேற்றைப் பிரித்தாக வேண்டும். கடல்நீரில் கரைந்த யுரேனியத்திலிருந்து தோரியம்-230 அறிந்த வேகத்தில் உண்டாகி, உடனே துகள்களோடு ஒட்டிக் கீழே விழுகிறது. சேற்றில் அது எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தால், அந்த மிகுதி பக்கத்திலிருந்து வந்தது. வெறும் படிவு வேகத்தை அடர்த்தியால் பெருக்கிப் பெற்ற எண்ணைவிட இதுவே நம்பத் தகுந்தது. வசதி இல்லாவிட்டால் சதவீதத்தோடு நின்றுகொள்ளுங்கள், பெருக்கிய எண்ணை வெளியிடாதீர்கள்.

கடைசியாக, எல்லாச் சான்றுகளையும் ஒரே தாளில் முதலில் ஆழத்துக்கு எதிராக வரையுங்கள். வயதுக்கு எதிராகப் பிறகு வரையலாம். கடற்பனி டயட்டம் குறைவதும், கற்துகள் கூடுவதும், சிலிக்கன் விகிதம் ஏறுவதும் எந்த வரிசையில் வருகின்றன என்பது ஆழத்தில் பார்க்கும்போது வயதுக் கணக்கின் பிழை கலக்காமல் தெரியும். அந்த வரிசை மட்டும் பிற்காலத்தில் வயதுக் கணக்கு திருத்தப்பட்டாலும் மாறாது.

11. ஒப்படைத்தல்

பாங்கேயா போன்ற திறந்த தரவுக் களஞ்சியத்தில், சதவீதங்களை மட்டும் வைக்காமல் ஒவ்வோர் இனத்துக்கும் எண்ணிய மூல எண்ணிக்கையை ஆழத்தோடு சேர்த்து வையுங்கள். ரேடியோகார்பன் வயதைத் திருத்தாத வடிவத்தில், ஆய்வுக்கூட எண்ணோடும் பிழை எல்லையோடும் கொடுங்கள். முன்வயது பற்றிய அறிவு மாறும்போது பின்வருபவர் மறுபடி கணக்கிட்டுக்கொள்வார். எண்ணிய கண்ணாடித் தகடுகளைப் பெயரெழுதிப் பெட்டியில் வைத்து, மிஞ்சிய சேற்றை இறுக மூடி, எந்த ஆழத்தில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்ற பட்டியலோடு காப்பகத்துக்குத் திருப்பிக் கொடுங்கள்.